அர்ச்சனைச் சீட்டில் மூன்றாவது பெயர்

1. முதல் நாள்

இருபத்தேழு நட்சத்திரங்களையும் வரிசையாகச் சொல்லுங்கள் என்றார் பிரகாஷ். எனக்கு நடந்த இண்டர்வியூ அவ்வளவுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடி. கீழே பூக்கடை. படியேறும்போதே மல்லிகையும் ஈரச்சாக்கும் கலந்த வாசம் கூடவே ஏறி வரும். அசுவினி, பரணி, கார்த்திகை என்று ஆரம்பித்து ரேவதியில் நிறுத்தினேன். பிரகாஷ் அந்த நிறுவனத்தின் முதலாளி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். என் பயோடேட்டாவை மறுபடியும் புரட்டினார்.

"பேரு ரோஸ்லின்னு போட்டிருக்கு. கிறிஸ்டியன்தானே சிஸ்?"

மெத்தடிஸ்ட் என்றேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச். ஆனால் பதினெட்டு வருடம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டைப்செட்டிங் செய்தவள் நான். முகூர்த்த நாளின் நட்சத்திரம் ஒன்று மாறிப்போனாலும் கட்டுக் கட்டாகப் பத்திரிகை குப்பைக்குப் போகும். பயத்தில் மனப்பாடமானது. எனக்கென்று ஒரு நட்சத்திரம் உண்டா என்று எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

வேலை கிடைத்தது. பதவியின் பெயர் டேட்டா சூப்பர்வைசர். கோயில்களுக்கு அர்ச்சனைக் கவுண்டர் சிஸ்டம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். கிள்ளான், காஜாங், செலாயாங் என்று பதினொரு கோயில்கள், எல்லாவற்றுக்கும் ஒரே சர்வர்.

அதற்கு முன்னால் அந்தக் கவுண்டர்களில் ஒரு பேனாவும் துண்டுச் சீட்டும்தான் இருந்தன. பெயரும் நட்சத்திரமும் சொன்னால் எழுதித் தருவார்கள். குருக்கள் வாசிப்பார். சீட்டு தேங்காய்த் தண்ணீரில் நனையும், பூவோடு சேர்ந்து கூடைக்குப் போகும், சாயங்காலம் கூட்டித் தள்ளப்படும். யார் யாருக்காக வேண்டிக்கொண்டார்கள் என்பதைக் கோயில் அன்றன்றைக்கே மறந்துவிடும். அந்த மறதி எத்தனை பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் அதைத்தான் முதலில் நிறுத்தினோம்.

எங்கள் சிஸ்டத்தில் போன் நம்பரை அடித்தால் குடும்பமே திரையில் வந்து நிற்கும். அப்பா பெயர், நட்சத்திரம். அம்மா பெயர், நட்சத்திரம். பிள்ளைகள் வரிசையாக. ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த முறை வாயைத் திறக்க வேண்டாம். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரிசை பாதியாகக் குறைந்தது. கோயில் தலைவர்கள் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்று இன்னமும் என் அலமாரியில் கிடக்கிறது.

2. எதற்காக வேண்டுகிறீர்கள்

ஆறு மாதம் கழித்து பிரகாஷ் இன்னொரு ஃபீல்டு கேட்டார். திரையில் தகவல் நிரப்பும் கட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். புதிய ஃபீல்டின் பெயர் 'வேண்டுதல்'. தொட்டால் பட்டியல் கீழே விழும்: திருமணம், குழந்தைப்பேறு, உடல்நலம், கோர்ட் வழக்கு, வேலை, பரீட்சை, சொந்த வீடு, பாதுகாப்பு. பட்டியலை எழுதியவள் நான். 'பாதுகாப்பு' என்பதைத் தூரம் தொலைவு போகிற லோரி டிரைவர்களை நினைத்துச் சேர்த்தேன்.

இது சாமிக்குத் தெரிந்தால் போதாதா, நமக்கு எதற்கு என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே எழுதும்போது பெருமை ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டு, செய்தும் கொடுத்தேன்.

"சிஸ், பேங்க்ல பொய் சொல்வான். போலீஸ்ல பொய் சொல்வான். பொண்டாட்டிகிட்ட கண்டிப்பா சொல்வான். சாமிகிட்ட சொல்ல மாட்டான் லா. இவ்வளவு கிளீனான டேட்டா இந்த ஊர்ல வேற எவன்கிட்ட இருக்கு, சொல்லுங்க?"

குழந்தைப்பேறு என்று பதிந்தவர்களின் நம்பர்கள் ஒரு கிளினிக்குக்குப் போயின. சொந்த வீடு என்றவர்களுக்கு செமினியில் புது வீடுகள் விற்கும் ஏஜெண்டிடமிருந்து போன் வந்தது. பிரகாஷ் அவர்களை 'பார்ட்னர்' என்பார். கிள்ளான் கோயில் கவுண்டரில் இருந்த தேவி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: ஓர் ஆன்டி மருமகளுக்குப் பிள்ளை வரம் கேட்டு அர்ச்சனை செய்தாராம், மறுவாரமே கிளினிக்கிலிருந்து அழைப்பு. சாமியே வழி காட்டிவிட்டது என்று இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றாராம். நானும் சிரித்தேன்.

திரையின் அடியில் ஓர் அறிவிப்பு இருந்தது. உங்கள் தகவல்களைச் சேகரிக்கிறோம், மூன்றாம் தரப்புக்கு வழங்கலாம், சம்மதம் என்றால் இங்கே டிக் செய்யவும். மலாயிலும் ஆங்கிலத்திலும், பொடி எழுத்தில். திரை கவுண்டருக்குள் இருப்பவரைப் பார்த்தபடி இருக்கும். ஆகவே டிக் செய்வது எப்போதும் கவுண்டர்க்காரர்தான். தமிழிலும் போடுவோமா என்றேன்.

"சட்டம் ரெண்டு மொழிதான் கேக்குது" என்றார் பிரகாஷ். "தமிழ்ல போட்டா படிச்சிருவாங்க."

3. டூப்ளிகேட்

சில வருடங்களில் பதினொரு கோயில்களின் பதிவுகள் ஒன்றாகச் சேர்ந்ததும் ஒரே ஆள் மூன்று ஆளாக நின்றார். காஜாங்கில் ஒரு போன் நம்பர், கிள்ளானில் இன்னொரு நம்பர், மனைவியின் நம்பரில் மறுபடியும். இந்த டூப்ளிகேட்டுகளை அடையாளம் கண்டு ஒரே குடும்பமாக இணைப்பதை மெர்ஜ் என்போம். அது என் பொறுப்பு.

வேறு கம்பெனிகளாக இருந்தால் ஐ.சி. நம்பரை வைத்து ஒரு நாளில் முடித்திருப்பார்கள். சாமி கும்பிட வந்தவரிடம் அடையாள அட்டை கேட்க முடியுமா? போன் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். விலாசம் யாரும் தருவதில்லை. மூன்று வாரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அது என் கண்ணில் பட்டது. வீடு மாறும், நம்பர் மாறும், வேலை மாறும். பிறந்த நட்சத்திரம் மாறாது. அதை மாற்றிச் சொல்லவும் மாட்டார்கள்; மாற்றிச் சொன்னால் வேண்டுதல் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிடுமே.

ஒரு விதி எழுதினேன். அம்மா பெயர், அம்மா நட்சத்திரம், பிள்ளை பெயர், பிள்ளை நட்சத்திரம்: இந்த நான்கும் இரண்டு பதிவுகளில் பொருந்தினால் அது ஒரே குடும்பம். இரண்டையும் இணை. முதலில் பதிந்த நம்பரைக் குடும்பத் தலைவரின் நம்பராக வை. இவ்வளவுதான். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சிஸ்டம் ஓடி முடித்தது. ஆயிரக்கணக்கான சிதறல்கள் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. இரும்புத் தூளுக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் ஒரு நடுக்கம் வருமே, திரையில் அதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. என் வேலையில் நான் பார்த்த மிக அழகான விஷயம் அது என்பதை மறைக்க முடியாது.

பிரகாஷ் ஆபீஸ் முழுவதுக்கும் பிரியாணி வரவழைத்தார்.

4. பிரிண்டிங் பிரச்சினை

மெர்ஜ் முடிந்த மறுமாதம், தேவி கிள்ளானிலிருந்து கூப்பிட்டாள். முப்பது வயதுக்காரி, வாய் ஓயாது, கவுண்டரில் நின்றபடியே ஊர்க்கதை முழுவதும் கேட்டுச் சொல்லிவிடுவாள். அன்று குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ரோஸ்லின் அக்கா, இங்க ஒரு பொண்ணு வரும், வசந்தின்னு. மாசாமாசம் மவனோட நட்சத்திரத்தன்னிக்கு வந்துரும். ரெண்டு பேருக்குத்தான் அர்ச்சனை, அதுக்கும் மவனுக்கும். இன்னிக்குச் சீட்டுல மூணு பேரு வந்திருக்கு. புருஷன் பேரு. பாத்ததும் வாசலையே திரும்பித் திரும்பிப் பாக்குது அது. எடுக்கச் சொல்லுது."

பதிவைத் திறந்தேன். வசந்தி, சதயம். மகன் தர்ஷன், அனுஷம். நான்கும் பொருந்தி, மூன்று வருடத்துக்கு முன்னால் செலாயாங்கில் பதிந்த ஒரு குடும்பத்தோடு போய் ஒட்டியிருந்தது. அங்கே தலைவராகக் கணவனின் பெயர், கணவனின் நம்பர். எல்லாம் சரியாக இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. விதி வேலை செய்திருக்கிறது.

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'பிரிண்ட்' என்று ஒரு டிக் இருக்கும், கணவன் பெயருக்கு அதை எடுத்துவிடு என்றேன். எடுத்தாள். புதுச் சீட்டு வந்தது, இரண்டு பெயரோடு. சிஸ்டத்திலிருந்தே போய்விட்டதா என்று அந்தப் பெண் கேட்கிறாள் என்றாள் தேவி. இனிமேல் சீட்டில் வராது என்றேன். போனை விலக்கி, "போயிருச்சும்மா" என்று அவளிடம் தேவி சொல்வது எனக்குக் கேட்டது.

ஒரு பெண் பயந்துபோய் நின்றாள். நான் அதை பிரிண்டர் விவகாரமாக எடுத்துக்கொண்டேன். சப்போர்ட் புத்தகத்தில் அன்றைக்கு என் பதிவு: பிரிண்டிங் பிரச்சினை, தீர்ந்தது.

5. அனுஷம், வியாழக்கிழமை

அடுத்து வந்தது நினைவூட்டல். ஜென்ம நட்சத்திரம் ஏறக்குறைய இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை வரும், ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள், இரண்டு நாள் முன்னதாகக் குடும்பத் தலைவருக்கு ஒரு வாட்ஸாப் போகட்டும் என்றார் பிரகாஷ். வாசகத்தை நான்தான் எழுதினேன். பத்திரிகை எழுதிப் பழகிய கை, மரியாதையாக எழுதியது.

'வணக்கம். தங்கள் அன்பு மகன் தர்ஷனின் ஜென்ம நட்சத்திரமான அனுஷம் வரும் வியாழக்கிழமை. தாங்கள் வழக்கமாக அர்ச்சனை செய்யும் கிள்ளான் ஆலயத்தில் முன்பதிவு செய்ய இங்கே தொடவும்.'

ஒரு வருடத்துக்கு மேலாக மனைவியும் பிள்ளையும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்த ஒருவனின் போனுக்கு, செவ்வாய்க்கிழமை மதியம், இது போய்ச் சேர்ந்தது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த நாள்.

வியாழன் காலை நடந்ததைப் பிறகு கோயிலின் கேமராவில் பார்த்தேன். வசந்திக்குத் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட், காலையில்தான் வருவாள். அர்ச்சனை முடிந்தது. ஐந்து வயது தர்ஷன் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்து சப்பாத்தை மாட்டுகிறான், இடது காலுக்கு வலதுகால் சப்பாத்து. அவள் பிரசாதம் வாங்கத் திரும்புகிறாள். தூண் பக்கத்திலிருந்து ஒருவன் வருகிறான். தர்ஷன் நிமிர்ந்து பார்க்கிறான், எழுந்து அவனிடம் ஓடுகிறான். ஆமாம், ஓடுகிறான். அப்பா அல்லவா. தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளையின் ஒரு கால் மட்டும் சப்பாத்தோடு ஆடுகிறது. வசந்தி திரும்பும்போது கார் போய்விட்டது.

இதில் சத்தம் கிடையாது. கோயில் கேமராவில் ஒலி பதிவாகாது.

6. கோயில் ஆபீஸ் அறை

தேவி அழைத்து, பிள்ளையை அப்பன் தூக்கிப் போய்விட்டான், போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, நீங்கள் வாருங்கள் என்றாள். சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினேன். ரயிலில் உட்கார்ந்து போனிலேயே மெசேஜ் பட்டியலைத் திறந்தேன். செலாயாங் நம்பர். செவ்வாய். அனுப்பப்பட்டது. படிக்கப்பட்டது. கிள்ளான் வருவதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பிரகாஷுக்குச் சொன்னேன். பதில் உடனே வந்தது: எதுவும் பேச வேண்டாம் சிஸ், லாயர் பார்க்கட்டும்.

ஆபீஸ் அறையில் வசந்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதன்முதலாக அவளைப் பார்க்கிறேன். அதுவரை அவள் எனக்கு ஒரு பதிவு எண். தொழிற்சாலைச் சட்டை. இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது, உடைந்து நேராகச் சேராத எலும்பு. மடியில் ஒரு சின்னச் சப்பாத்து. அழுது முடித்துவிட்ட முகம். அவள் தேவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எந்த நாள் வருவேன்னு உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஆளு பேரை எடுக்கச் சொன்னேன்ல? அப்பவே புரிஞ்சிருக்கும் உங்களுக்கு. எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"என் பிள்ள மேல சத்தியமா நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல" என்றாள் தேவி.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கோயில் தலைவர் என்னைப் பார்த்தார். போலீஸ்காரர் கொடுத்துவிட்டுப் போன புகார் நகல் மேசைமேல் இருந்தது. என் கைப்பையில் இருந்த போனில் பதில் முழுவதும் இருந்தது, தேதியோடு, நேரத்தோடு.

சிஸ்டத்தை செக் பண்ணிச் சொல்கிறோம் என்றேன்.

அன்றைக்கு வேறொன்றும் நான் சொல்லவில்லை. தேவி மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று தலைவர் அங்கேயே சொன்னார். பக்தர்களின் நம்பிக்கை முக்கியம் என்றார். தேவி கவுண்டரிலிருந்து தன் தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

7. யார் அழைத்தது

பத்து நாள் கழித்து தேவியிடமிருந்தே போன் வந்தது. எனக்காக இல்லை என்று ஆரம்பித்தாள். கணவன் போலீஸில் அந்த வாட்ஸாப்பைக் காட்டியிருக்கிறான். என் மனைவியே கோபம் தணிந்து கோயில் மூலமாகக் கூப்பிட்டிருக்கிறாள், பாருங்கள், மகனுக்கு அர்ச்சனை என்று தகவல் வந்தது, வந்தேன், பிள்ளை என்னோடு வந்தான், இதில் என்ன கடத்தல் என்று கேட்டானாம். குடும்பப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டிலும் அதையேதான் காட்டப்போகிறான்.

"அந்த மெசேஜ் அவ அனுப்பலன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒரே ஆளுதான் இருக்கு அக்கா" என்றாள் தேவி. போனை வைத்துவிட்டாள்.

நான் எழுதிய வாசகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தங்கள் அன்பு மகன். வழக்கமாக அர்ச்சனை செய்யும். ஒரு மனைவி தூது விட்டது போலத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

வசந்தியின் வழக்கை எடுத்திருந்த பெண் வழக்கறிஞரின் ஆபீஸ் கிள்ளானில். ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மெர்ஜ், நான்கு பொருத்தம், தலைவர் நம்பர், நினைவூட்டல். வசந்தியும் அங்கே இருந்தாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்களப் பத்தி வேற என்ன தெரியும் அந்த சிஸ்டத்துக்கு?"

சொன்னேன். எந்தெந்தத் தேதியில் வந்தாள். எத்தனை மணிக்கு. எந்த நம்பர். ஒவ்வொரு முறையும் வேண்டுதல் என்ற இடத்தில் என்ன பதிந்திருந்தது என்பதையும் சொன்னேன். பதினான்கு தடவை. பாதுகாப்பு, பாதுகாப்பு, பாதுகாப்பு.

"அதையுமா எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "எல்லாத்தையும் அழிச்சிருங்க."

வழக்கறிஞர் உடனே வேண்டாம் என்றார். ஒரு எழுத்துகூட அழியக் கூடாது, மெசேஜ் தானாகப் போனது என்று நிரூபிக்க அத்தனையும் வேண்டும். வசந்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கு எடுக்கச் சொன்னேன், எடுக்கல. இப்ப அழிக்கச் சொன்னா, வேணும்ங்கிறீங்க. என்னோடது எதுதான் என் பேச்சக் கேக்கும்?"



8. விலாசம்

மெசேஜ் பட்டியல், மெர்ஜ் விதி, 'பிரிண்டிங் பிரச்சினை, தீர்ந்தது' என்று நான் எழுதிய பக்கம்: மூன்றையும் பிரதி எடுத்தேன். ராஜினாமாக் கடிதத்தோடு பிரகாஷின் அறைக்குப் போய், எடுத்திருக்கிறேன் என்று நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார்.

"இது டேட்டா திருட்டு, தெரியும்ல சிஸ்?"

அந்த ஆபீஸில் அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

வழக்கறிஞர் அஃபிடவிட் தயாரித்தார். சத்தியம் செய்து கையெழுத்திடும் வாக்குமூலம். முதல் வரியிலேயே என் முழுப்பெயர், ஐ.சி. நம்பர், வீட்டு விலாசம். படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு விஷயம் ரோஸ்லின், என்றார். இதன் நகல் எதிர்த்தரப்புக்கும் போகும். அந்த ஆள் கையில் இது இருக்கும். யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

யோசித்தேன். மூன்று நாள். நான் தனியாக இருப்பவள், பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய ஃப்ளாட், நாலாம் மாடி. வேறு விலாசம் கொடுக்கலாமா, தங்கை வீட்டு விலாசம், ஆபீஸ் விலாசம் என்று என்னென்னவோ தோன்றியது. ஆபீஸ் இனி எனக்கு இல்லை. தங்கைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கோணலான மணிக்கட்டு ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு விலாசத்தை ஒரு மனிதனுக்குத் தெரியாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த மூன்று நாளில்தான் என் உடம்புக்குப் புரிந்தது. வசந்தி அந்த வேலையை ஒரு வருடத்துக்கு மேல் செய்திருக்கிறாள், மதிய ஷிப்டோடு சேர்த்து. நான் எழுதிய ஒரு விதி அதை ஒரு காபி நேரத்தில் முடித்து வைத்தது.

நாலாம் நாள் காலை கையெழுத்துப் போட்டேன்.

தர்ஷன் நான்கு மாதம் கழித்து இடைக்கால உத்தரவில் அம்மாவிடம் வந்தான். முதல் வாரம் அவன் பேசவில்லை என்று வழக்கறிஞர் சொன்னார். வழக்கு முடியவில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தேவிக்குக் கோயில் வேலை திரும்பக் கிடைக்கவில்லை; லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நிறுவனம் நடக்கிறது. நினைவூட்டலில் கோயில் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்களாம். மெர்ஜ் விதி ஓடிக்கொண்டுதான் இருக்கும். நன்றாக எழுதிய விதியை யாரும் தொட மாட்டார்கள்.

கோர்ட்டில் ஒருநாள், வராந்தாவில், வசந்தியின் கணவன் என் பக்கத்தில் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. மரியாதையான ஆள்.

"ஆன்டி வீட்டுக்குக் கீழதான அந்த அப்பக் கடை?" என்றான். "ரொம்ப நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

சிரித்துவிட்டு உள்ளே போனான். அவ்வளவுதான் சொன்னான். போலீஸில் எழுதிக் கொடுக்கக்கூட அதில் ஒன்றும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள், எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம் என்று. அது எனக்குத் தெரியாது, மாறிக்கொண்டே இருக்கிறது. நான் சொல்வது இது. ஒரு ஃபீல்டு சேர்க்கும்போது அதை யார் படிப்பார்கள் என்று யோசிக்கச் சொல்வார்கள், அது போதாது. அதை யார் படிக்கவே கூடாதோ, அந்த ஆளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவன் சட்டை இஸ்திரி போட்டிருக்கும். உங்களைவிடப் பொறுமையாகப் படிப்பான். யாராவது ஒரு பெயரை எடுக்கச் சொன்னால், ஏன் பயப்படுகிறார் என்று கேட்டுவிட்டுப் பிறகு மவுஸைத் தொடுங்கள்.

வீடு மாறிவிடலாமே என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து, மாறினால் புது விலாசத்தை எங்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டேன். மின்சாரம், தண்ணீர், போன், பேங்க், இன்சூரன்ஸ், பல் டாக்டர், சர்ச், சாப்பாடு கொண்டுவரும் ஆப், துணிக்கடை மெம்பர் கார்ட். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன். பின்பக்கமும் நிறைந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தேன்.